கோச் ரோட்டில் மறித்த கொள்ளைக்காரர்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரத்தைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, காலாலும் படிக்க வேண்டும் என்றொரு கொள்கை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை எங்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், யாரோ எப்போதோ ஏதோ செய்த இடம் ஒன்றில் இறக்கிவிட்டு, மழை வரும்வரை நடக்கவிடுவார்கள். ஆக்லாந்தில் மழைக்காக அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்த அந்த வருடம், எண்பத்தேழு என்று நினைவு, நகரத்துக்கு மேற்கே மலைக்காட்டுக்குள் கிடந்த பழைய கோச் ரோட்டில் நடப்பது என்று முடிவாகியிருந்தது. மோட்டார் வண்டிகள் வருவதற்கு முன், நான்கு குதிரைகள் பூட்டிய கோச் வண்டிகள் ஆட்களையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு போன பாதை அது. நாங்கள் போன காலத்தில் குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை. சேறு மட்டும் அப்படியே இருந்தது.

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கூட வர வேண்டும், முடிந்தவர்கள் உதவுங்கள் என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. அப்பாவுக்கு எல்லர்ஸ்லியில் அலுவலகம்; அவர் லீவு எடுப்பதென்றால் வீட்டில் ஒருவருக்காவது காய்ச்சல் நூற்றிரண்டைத் தாண்ட வேண்டும். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. ஆகவே எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வரப்போவதில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டது அம்மாதான். மாமா சும்மாதானே இருக்கிறார், அவருக்கும் நாலு இடம் பார்த்த மாதிரி இருக்கும் என்று சொல்லி, கடிதத்தின் அடியில் அவரே மாமாவின் பெயரை எழுதிவிட்டார்.

மாமா, அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கிளென்ஃபீல்டில் எங்கள் வீட்டுக் கராஜுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் இருந்தார். இருபத்தாறு வயதுதான் என்றாலும் எனக்கு அவர் அப்பாவைவிடக் கிழவராகத் தெரிந்தார். படுக்கும்போதும் காற்சட்டையோடுதான் படுப்பார். சப்பாத்து கட்டிலோடு ஒட்டியபடி, வாசலைப் பார்த்து இருக்கும். ஊர் அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். தெருமூலையிலிருந்த டெய்ரிக் கடைக்குப் பால் வாங்கப் போவதென்றாலும் முதலில் பையைத் தொட்டுப் பார்ப்பார்.

“இஞ்சை ஆரடா உன்னட்டை ஐசி கேக்கப் போறாங்கள்?” என்று அம்மா சிரிப்பார்.

“இருக்கட்டும் அக்கா,” என்பார் மாமா. அவ்வளவுதான்.

எனக்கு மாமாவைப் பிடிக்கும், வீட்டுக்குள்ளே. காட்ஸ் விளையாட்டில் களவு செய்வது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். நான் களவு செய்து வென்றால் தோற்றவர்போல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். வெளியில் அவருடன் போவது வேறு விஷயம். கடைத் தொகுதிக்குப் போனால் சுவரோரமாக நடப்பார். இடைக்கிடை நின்று திரும்பிப் பார்ப்பார். வகுப்புப் பிள்ளைகள் யாராவது எதிரே வந்துவிடக் கூடாதே என்று நான் நான்கு அடி முன்னால் நடப்பேன்.

நடைப் பயணத்தன்று காலை மாமா ஆயத்தமாகி வந்து நின்றார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத கறுப்புக் காற்சட்டை, மினுக்கிய சப்பாத்து, கையில் ஒரு நீளக் கறுப்புக் குடை. வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர்கூட அவ்வளவு சுத்தமாகப் போகமாட்டார். பள்ளிக்கூட வாசலில் மற்றப் பெரியவர்கள் அரைக் காற்சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு, நேற்றே சேற்றில் விழுந்து எழும்பியவர்கள் போல நின்றார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து குட் மோர்னிங் சொன்னார். நான் குனிந்து என் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினேன். அது நன்றாகத்தான் கட்டியிருந்தது.

பேருந்தில் ஆசிரியை எங்களுக்கு ஒரு விளையாட்டைச் சொன்னார். ஐந்து பேர் கொண்ட ஒவ்வொரு குழுவும் ஒரு கோச் வண்டி. ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர் இரகசியமாகத் தங்கம் கொண்டு போவார். வழியில் எங்கோ கொள்ளைக்காரர்கள் மறிப்பார்கள். தங்கத்தை அவர்களிடம் கொடுக்காமல் பாதையின் முடிவுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிற வண்டிக்கு வெற்றி. தங்கம் என்பது மினுமினுக்கும் தாளில் சுற்றிய சொக்லேட் காசுகள், வாய் கட்டிய சின்னத் துணிப் பையில். எங்கள் வண்டியின் தங்கத்தை ஆசிரியை என் கையில் தந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் எதற்காகவும் யாரும் என்னைத் தெரிந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து மேசைக்காரி ஷாரன் என் கையைப் பிடித்து நசுக்கினாள். அதுவரை அவள் என்னிடம் அழிறப்பர் கேட்டதைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை.

மற்றப் பெரியவர்களுக்கெல்லாம் விளையாட்டு முன்பே தெரியும். மாமாவுக்குத் தெரியாது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். இந்த ஊர்க்காரர் கதைப்பது மட்டும் காதுக்குள் போகாது. ஆசிரியை என்னிடம் வந்து, கொள்ளைக்காரர் வருவதை மாமாவுக்கு உங்கள் மொழியில் விளக்கமாகச் சொல்லிவிடு என்றார். நான் தலையை ஆட்டினேன்.

சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது; இப்போது எழுதும்போது அது காரணம் மாதிரியே இல்லை. ஒருமுறை வகுப்பில் என்னைத் தமிழில் ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். நான் என் பெயரையும் வயதையும் சொன்னேன். அன்று முழுவதும் பையன்கள் நாக்கை உருட்டி அதைப் போலச் சத்தம் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இவர்களுக்கு முன்னால் என் வாயில் இனித் தமிழ் வராது என்று. பேருந்தில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆசிரியை சொல்லிவிட்டாயா என்று கண்ணால் கேட்க, ஓம் என்று நானும் கண்ணாலேயே சொன்னேன்.

ஆனால் களவு செய்யத் தெரிந்த மூளை சும்மா இருக்குமா? கொள்ளைக்காரர்கள் பிள்ளைகளைத்தான் சோதிப்பார்கள், மாமாவை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் ஓடியது. பேருந்தை விட்டு இறங்கும் நெரிசலில் பையை அவர் கைக்குள் திணித்து, காதோடு காதாகச் சொன்னேன்.

“வைச்சிருங்கோ மாமா. ஒருத்தருக்கும் காட்டக் கூடாது.”

“என்ன பிள்ளை இது?”

“பிறகு சொல்றன்.”

மாமா பையை உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தார். முகம் ஒரு மாதிரிப் போயிற்று. இதை ஆர் தந்தது என்று கேட்டார். நான் ஷாரனிடம் ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் பையை மடித்த குடைக்குள் போட்டு, மேலே நாடாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். என்ன கெட்டித்தனம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. இரு பக்கமும் மரமளவு உயர்ந்த பன்னச் செடிகள், கீழே செங்களிமண். வண்டிச் சில்லுகள் அறுத்த தடம் இன்னும் தெரிகிறது பாருங்கள் என்று ஆசிரியை காட்டிய இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன். மாமா எங்கள் குழுவின் பின்னால் வந்தார். ஓடை ஒன்றைத் தாண்டும்போது ஒவ்வொரு பிள்ளையாகக் கைபிடித்து மறுகரையில் விட்டார். அவருடைய மினுக்கிய சப்பாத்து முழுக்கத் தண்ணீருக்குள் நின்றது. ஷாரன் அவருக்கு நன்றி சொன்னபோது வெல்கம், வெல்கம் என்று இரண்டு தரம் சொன்னார்.

பிறகு மழை வந்தது. எல்லோரும் மழைச் சட்டைத் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டார்கள். மாமா குடையை விரிக்கவில்லை. கக்கத்தில் இறுக்கி இடுக்கிக்கொண்டு, தலையில் தண்ணீர் வழிய வழிய நடந்தார். ஏன் அவர் குடையை விரிக்கிறாரில்லை என்று ஷாரன் கேட்டாள். எங்கள் குழுப் பையன் ஒருவன், ஒருவேளை அவர்கள் ஊரில் குடையை வெயிலுக்குத்தான் விரிப்பார்களோ என்றான். எல்லோரும் சிரித்தார்கள். காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். சொன்னால் தங்கம் போய்விடும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பாதை ஒடுங்கித் திரும்பும் ஒரு முடக்கில் மரமொன்று குறுக்கே விழுந்து கிடந்தது. முதலில் வந்தது எங்கள் வண்டிதான். நாங்கள் கிட்டப் போனதும் பற்றைக்குள்ளிருந்து இரண்டு பேர் பாய்ந்தார்கள். ஒருவர் கையில் கறுப்பு மை பூசிய மரத் துவக்கு. மற்றவர் தலையிலிருந்து தோள்வரை உருளைக்கிழங்குச் சாக்கு ஒன்றைக் கவிழ்த்து, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை போட்டிருந்தார். இருவரும் எங்கள் வகுப்புப் பையன்களின் தகப்பன்மார் என்று பூட்ஸைப் பார்த்தே எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். பிள்ளைகள் சந்தோஷத்தில் கீச்சிட்டார்கள். வரிசையில் நில்லுங்கள், கையைத் தலையில் வையுங்கள் என்று துவக்குக்காரர் கத்தினார்.

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமா முழங்காலில் இருந்தார். ஒருவரும் முழங்காலில் இருக்கச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, சேற்றுக்குள், இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி. குடை பக்கத்தில் கிடந்தது. பின்னால் வந்த குழுக்களும் சேர்ந்துவிட்டன. சிரிப்பு மேலும் கூடியது.

சாக்குப் போட்டவர் ஒன்றும் பேசாமல் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். யாரிடம் தங்கம் இருக்கிறது என்று நினைக்கிறாரோ அவரைப் பார்த்துத் தலையை ஆட்ட வேண்டும், துவக்குக்காரர் சோதிப்பார். அதுதான் விளையாட்டு. ஷாரனைப் பார்த்து ஆட்டினார். அவள் பையில் சான்ட்விச்தான் இருந்தது. என்னைத் தாண்டிப் போனார். எனக்கு மூச்சு வந்தது. மாமாவுக்கு முன்னால் நின்றார். குனிந்து அந்த இரண்டு ஓட்டைகளாலும் நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

மாமா ஒரு கையை மட்டும் இறக்கி, சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். பிறகு குடையை இழுத்து நாடாவை அவிழ்த்துத் தலைகீழாக உதறினார். துணிப் பை சாக்குக்காரரின் காலடியில் விழுந்து, காசுகள் சேற்றில் சிதறின. மாமா ஆங்கிலத்தில் பேசினார். அவர் அவ்வளவு தெளிவாக ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை. இது என்னுடைய பை. இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பிள்ளை என்னோடு வரவில்லை. இந்தப் பிள்ளை யாரென்றே எனக்குத் தெரியாது.

சொல்லும்போது என்னை விரலால் காட்டினார். எழுபது எண்பது கண்கள் என் பக்கம் திரும்பின. பெரியவர்கள் கை தட்டினார்கள். இவ்வளவு நல்ல நடிகரா என்று ஒரு தாய் சொன்னது கேட்டது. எங்கள் குழுப் பிள்ளைகள் சேற்றில் கிடந்த தங்கத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரு தரம் என்னை நம்பித் தந்த ஒரேயொரு பொருள்.

துவக்குக்காரர் விளையாட்டை விடுகிறபாடாக இல்லை. என் பக்கம் திரும்பி, கொள்ளைக்காரக் குரலில் கேட்டார். உண்மையா? இந்த ஆளை உனக்குத் தெரியாதா?

நான் சிரித்திருக்கலாம். இவர் என் மாமா என்று நாலு சொல்லில் சொல்லி, கிட்டப் போய் அவர் கையைப் பிடித்து எழுப்பியிருக்கலாம். நான் அவரைப் பார்த்தேன். மூக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. காற்சட்டை முழங்காலுக்கு மேலே சேறு. இவர் எனக்கு யாராகவும் இருக்க வேண்டாம் என்று இருந்தது. அதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தெரியாது என்றேன். இந்த ஆளை எனக்குத் தெரியாது. உரத்துச் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். ஆனால் முகம் தெளிந்து, பாரம் இறக்கியவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். அதற்குள் சாக்குக்காரர் சாக்கைக் கழற்றிவிட்டார். உள்ளே சிவந்த, வியர்த்த, சிரிக்கும் ஒரு முகம் இருந்தது. அவர் கை கொடுத்து மாமாவை எழுப்பி, முதுகில் தட்டினார். மாமா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கடந்து போகும்போது உதடு அசையாமல் சொன்னார்:

“கெட்டிக்காரி. அப்பிடித்தான் சொல்ல வேணும்.”

குத்திக் கதைக்கிறார் என்று நினைத்தேன். நல்லாய்க் குத்தட்டும் என்றும் நினைத்தேன். ஆசிரியை மாமாவை மரத்தில் உட்காரவைத்துப் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். குவளை அவர் கையில் நிற்கவில்லை; பாதி காற்சட்டையில் ஊற்றுப்பட்டது. ஆசிரியை என்னிடம் வந்து, விளையாட்டு என்று அவருக்குச் சொன்னாய்தானே என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன், அவருக்கு நடிக்கப் பிடிக்கும் என்றேன். மிச்ச வழியில் ஷாரன், அவர் உண்மையிலேயே உன் மாமாவா என்று கேட்டாள். இல்லை, எங்கள் கராஜ் அறையில் வாடகைக்கு இருப்பவர் என்றேன். மாமா அப்போது கேட்கும் தூரத்தில் இல்லை என்று நினைக்கிறேன். நினைக்க விரும்புகிறேன்.

வீட்டில் அம்மா சேற்றைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார்.

“வழுக்கி விழுந்திட்டன் அக்கா,” என்றார் மாமா. காற்சட்டையைத் தானே தோய்த்து, கராஜுக்குப் பின்னால் கொடியில் போட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அதற்கும் அவர்மேல் எரிச்சல் பட்டேன். அடுத்த மாதம் அவருக்கு வெலிங்டனில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. அவர் போனதும் கராஜ் அறையில் என் சைக்கிளை வைத்தோம்.

அதற்குப் பிறகு பதினேழு வருடம், அந்தக் கோச் ரோட்டைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வீட்டில் பலகாரச் சூடு. அம்மா தாச்சிக்கு முன்னால் நின்று பயித்தம்பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தார். வெலிங்டனிலிருந்து வந்த மாமா, தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, மேசையில் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாயார் பேச்சுக்கு என்னைக் காட்டி, பொம்பிளை வலு அமைதி போல என்றார். மாமா நிமிர்ந்தார்.

“அமைதிதான். ஆனா இவள் சின்னனிலையே கெட்டிக்காரி. உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேணும்.”

சொன்னார். கோச் ரோடு, மழை, குடை, சாக்குத் தலையன், எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அது விளையாட்டு என்று பிறகுதான் தனக்கு விளங்கியது என்றார். அந்த இடத்தில் நிறுத்தி, சின்ன மாமாவைப் பற்றிச் சொன்னார். சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. அவர் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றுதான் எனக்குச் சிறுவயதில் சொல்லியிருந்தார்கள். நான் வளர்ந்த பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு ஒன்று. ரோட்டில் போன ஆம்பிளைகள் எல்லோரையும் முழங்காலில் இருத்தி, சாக்கு மூடிய ஒருவனைக் கொண்டுவந்து ஒவ்வொரு முகமாகக் காட்டினார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். கூட வந்தவர்களையும் சேர்த்து ஏற்றுவார்கள். மாமாவும் சின்ன மாமாவும் ஒரே சைக்கிளில் வந்தவர்கள், பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சாக்கு, சின்ன மாமாவைப் பார்த்து ஆடியது.

“என்னைக் காட்டி, இவன் ஆர் எண்டு கேட்டாங்கள். தம்பி என்ரை முகத்தை நேரை பாத்துச் சொன்னான், இந்த ஆளைத் தெரியாது எண்டு. அவனைக் கொண்டு போனாங்கள், பிறகு வரேல்லை. அவன் அப்பிடிச் சொன்னதாலைதான் நான் இண்டைக்கு இருந்து பணியாரம் உருட்டிறன்.”

தாச்சியில் பணியாரம் கருகியது. அம்மா எடுக்கவில்லை.

“இதை இவளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பத்து வயசு. ஆனா அந்த நேரம் என்னைத் தெரியாது எண்டு எவ்வளவு துணிவாச் சொன்னாள் தெரியுமே? எனக்குத் தம்பியைப் பாத்த மாதிரி இருந்தது.”

மாப்பிள்ளையின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தடவினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லியிருக்க வேண்டும். இல்லை மாமா, எனக்கு அன்றைக்குப் பயமே இருக்கவில்லை. அது விளையாட்டு என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லாமல் விட்டதே நான்தான். முழங்காலில் இருந்த உங்களைப் பார்க்க வெட்கமாக இருந்தது, அதனால் சொன்னேன் என்று. நான் சிரித்துக்கொண்டு ஓம் மாமா என்றேன்.

மாமாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. என் பிள்ளைகளுக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். சின்ன மாமாவின் பெயர் வரும் இடங்களிலெல்லாம் என் பெயரும் பக்கத்தில் வருகிறது.